சீன மாணவர்களுக்கு ‘கெட்’ என்னும் ஆங்கில வினையை எப்படிக் கற்பிப்பது?

வைகறை (தொடக்கப் பதிவு):

வணக்கம். சீனாவின் பெருநகரங்களில் வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு இணையவழியே ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அங்கே 2001இல் தொடங்கிய பாடத்திட்ட மாற்றத்துக்குப் பிறகு மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் நுழைந்துவிட்டதால், என் மாணவர்களில் இளையவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பத்தாண்டுக்கு மேல் அதைப் படித்தவர்கள். இலக்கண வினா ஒன்றைக் கொடுத்தால் நம்மைவிட விரைவாக விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘கெட்’ என்ற மூன்றெழுத்து வினை வந்தால் தயங்குகிறார்கள்.

அவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் காட்டிலும், பயன்படுத்தவே இல்லை என்பதுதான் என் கவலை. கடிதம் வந்தது என்பதற்கு ‘ரிசீவ்’, பட்டம் வாங்கினேன் என்பதற்கு ‘அப்டெய்ன்’, குளிர ஆரம்பித்துவிட்டது என்பதற்கு ‘பிகம்’, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்பதற்கு ‘அரைவ்’ என்று, எப்போதும் நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலப் பேசுகிறார்கள். பேசும்போது இது வெறும் நடைக் குறைபாடுதான். கேட்கும்போதோ உண்மையான இடர்ப்பாடாகிவிடுகிறது. அலுவலகத்தில் ஓர் அமெரிக்கர் ‘கேன் யூ கெட் தி டோர்?’ என்றபோது, கதவை எங்கிருந்து வாங்கி வரச் சொல்கிறார் என்று விழித்ததாக ஒரு மாணவி சொன்னார். கதவைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார் அவர்.

இந்தச் சொல்லின் பொருள்களை எல்லாம் பட்டியலிட்டுத் தரும்படி மாணவர்கள் கேட்கிறார்கள். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாக நீள்கிறது. பட்டியல் தருவதா, ‘பெறுதல்’ என்ற ஒரே கருவிலிருந்து எல்லாம் கிளைத்தன என்று விளக்குவதா? சீன மொழி அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

வைகறை அவர்களுக்கு வணக்கம். சீனத்திலிருந்து மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தர முடியும். தொனிக் குறிகளையும் விட்டுவிடுகிறேன்.

மாணவர்கள் ஏன் இந்தச் சொல்லை ஒதுக்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, சீனத்தில் ஒரு பொருள் கைக்கு வரும் விதத்தைப் பொறுத்து வினை மாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அனுப்பியவர் ஒருவர் இருந்து கடிதம் வந்து சேர்ந்தால் ‘ஷோ தாவ்’. காசு கொடுத்து வாங்கினால் ‘மாய்’. அஞ்சல் கூடத்துக்குப் போய்ப் பொதியை எடுத்து வந்தாலும், வங்கியிலிருந்து பணம் எடுத்தாலும் ‘ச்சூ’. உரியவர்களுக்கு என்று பகிர்ந்தளிக்கப்படும் சம்பளத்தையோ சான்றிதழையோ போய்ப் பெற்றுக்கொண்டால் ‘லிங்’. ஒலிக்கும் தொலைபேசியை எடுத்தாலும், நிலையத்துக்குப் போய் ஒருவரை அழைத்து வந்தாலும் ‘ஜியே’. இந்த ஐந்து இடத்திலும் ஆங்கிலேயர் ‘கெட்’ என்று ஒரே சொல்லைப் போடுவதைப் பார்க்கும் சீன மாணவருக்கு, அது பொருள் வளம் மிக்க சொல்லாகத் தெரிவதில்லை. எதையும் சரியாகச் சொல்லாத அசட்டையான சொல்லாகத்தான் தெரிகிறது. ‘ரிசீவ்’ என்று சொன்னால் ‘ஷோ தாவ்’ என்பதற்கு ஒன்றுக்கொன்றாக ஓர் இணை கிடைத்துவிடுகிறது. படித்த மனம் அதையே நாடும்.

ஆகவே சொல்லுக்குப் பொருள் கொடுக்க வேண்டாம் என்பது என் முதல் பரிந்துரை. ‘கெட்’ என்பதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். பெயர்ச்சொல் வந்தால் கைக்கு வருதல். பெயரடை வந்தால் நிலை மாறுதல். இடமோ திசையோ வந்தால் போய்ச் சேர்தல். ‘டன்’, ‘ஃபயர்டு’ போன்ற வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் செயலுக்கு உட்படுதல். பக்கம் பக்கமான அகராதிப் பதிவில் பெரும்பகுதி இந்த நான்கு வாசல்களில் அடங்கிவிடும். அடங்காதவற்றைத் தனித்தனி மரபுத்தொடராகவே வைத்துக்கொள்ளலாம்; கதவு அந்த வகையைச் சேர்ந்தது.

மருந்துச்சீட்டு:

சீனாவில் மருத்துவம் படிக்கும் மாணவன் நான். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், நோயாளிகளிடம் சீனத்தில்தான் பேச வேண்டும். அதனால் இந்தச் சிக்கலை மறுமுனையிலிருந்து பார்க்க வாய்த்திருக்கிறது.

ஆங்கிலேயர் தலைமுடியை வெட்டிக்கொண்டதைச் சொல்ல ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பார்கள். என் சீன நண்பர்கள் ‘ஐ கட் மை ஹேர்’ என்றே சொல்வார்கள். கத்தரியைப் பிடித்த கை யாருடையது என்பதைச் சீன வாக்கியம் கேட்பதில்லை. ஊசி போட்டுக்கொண்டதையும் அப்படித்தான், ‘ஊசி அடித்தேன்’ என்று நேரே சொல்லிவிடுகிறார்கள். போட்டவர் செவிலியர் என்பது கேட்பவருக்குத் தெரியும். நம் பேச்சிலும் ‘நேற்றுத்தான் முடி வெட்டினேன்’ என்றால் யாரும் சலூன்காரர் என்று நினைத்துவிடுவதில்லை. ஆனால் ‘வெட்டிக்கொண்டேன்’, ‘போட்டுக்கொண்டேன்’ என்று ‘கொள்’ சேர்க்கும் வழி நமக்கு இருக்கிறது. சீன மாணவருக்கு அப்படி ஒரு துணைவினை இல்லாததால், ‘கெட்’ இங்கே என்ன வேலை செய்கிறது என்பதே முதலில் கண்ணுக்குப் படுவதில்லை.

கேட்டலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுச் சீனத்தில் (மாண்டரினில்) சொல்லின் இறுதியில் மூக்கொலி வரலாம், உயிர் வரலாம். ‘ட்’ போன்ற வல்லொலி வராது. ‘கெட்’ என்பதை வேகமாகச் சொல்லும் ஆங்கிலேயர் அந்த இறுதி ஒலியை வெடிக்காமல் விழுங்கிவிடுவார்கள். அடுத்து உயிர் வந்தால் அதனோடு ஒட்டிவிடுவார்கள். விழுங்கினால் மாணவர் காதில் வெறும் ‘கெ’ விழுகிறது. ஒட்டினால் ‘கெட் அப்’ என்பது ‘கெ டப்’ என்று விழுகிறது. பக்கம் பக்கமாகப் பொருள் தெரிந்திருந்தாலும், சொல்லே காதில் விழாவிட்டால் பயன் இல்லை. நாமும் ‘கெட்டு’ என்று உகரம் சேர்ப்பவர்கள்தானே என்று என் வகுப்பில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம். தென்சீன மொழியான கன்டனீயம் பேசுவோருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் மொழியில் சொல் இறுதியில் ‘ப்’, ‘ட்’, ‘க்’ மூன்றும் உண்டு.

தேக்காவாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். சீன மொழிகளைப் பேசுவோரின் கையில் ‘கெட்’ என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு ஆங்கிலமே சாட்சி.

இங்கே ‘காட்’ என்றால் ‘இருக்கிறது’ என்று பொருள். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதற்கு ‘காட் பீப்பிள் இன்சைட்?’ என்பார்கள். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால் ‘வேர் காட்!’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். ‘அப்படியெல்லாம் எங்கே இருக்கிறது’ என்று அர்த்தம். பொதுச் சீனத்தின் ‘யோவ்’ என்ற வினை உடைமையையும் இருப்பையும் ஒருங்கே சொல்லும். ஹொக்கியன் மொழியிலும் அப்படியே. மலாயின் ‘அடா’வும் அதே இயல்புடையது, ‘மானா அடா’ என்ற மலாய்த் தொடர் ‘வேர் காட்’ என்பதோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. என் பாட்டியின் தமிழ் ‘இருக்கு’ம் இரண்டு வேலையையும் செய்ததால், எங்கள் வீட்டில் யாரும் இந்தக் ‘காட்’டை அந்நியமாக நினைத்ததில்லை.

சீனாவில் ஆங்கிலம் படிப்பவர்கள் இந்த வழியில் போவதில்லை. அவர்கள் ‘தேர் ஹேவ் மெனி பீப்பிள்’ என்று தடுக்கி விழுகிறார்கள். காரணம் அதே ‘யோவ்’தான். அவர்கள் பாடப்புத்தகத்தில் பார்த்தது ‘ஹேவ்’. எங்கள் ஊர்ச் சந்தையில் காதில் விழுந்தது ‘காட்’. அவ்வளவே வேறுபாடு.

ஏட்டுச்சுவடி:

தேக்காவாசி அவர்கள் உடைமைக்கும் இருப்புக்கும் உள்ள உறவைத் தொட்டதால், மனத்தில் வைத்திருந்ததை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘கெட்’ என்பதற்கு மிக நெருங்கிய உறவினர் சீனத்திலேயே இருக்கிறார். அவரை மாணவர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்துவதில்லை.

அந்தச் சொல் ‘தெ’. சீனத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளான எலும்புப் பொறிப்புகளில், சோழி ஒன்றைக் கை பற்றியிருப்பதுபோல இதை வரைந்தார்கள். சோழி அக்காலத்தில் மதிப்புமிக்க செல்வம். ஆகவே அடையாளமே ‘கைக்கு வந்தது’ என்று பேசுகிறது. இன்றும் பரிசு பெறுவது, மதிப்பெண் பெறுவது, நோய் வருவது ஆகிய மூன்றுக்கும் இந்த வினைதான். பரிசையும் சளிக்காய்ச்சலையும் ஒரே வினையால் ‘பெறும்’ வழக்கம் ஆங்கிலத்தின் ‘கெட்’டுக்கும் உண்டு என்பதை மருந்துச்சீட்டு உறுதிப்படுத்துவார்.

அதே எழுத்தை ‘தேய்’ என்று படித்தால் ‘வேண்டும்’ என்ற கட்டாயப் பொருள் வந்துவிடுகிறது. விடைபெறும் சீனர் ‘வோ தேய் ஸோவ் லெ’ என்பார். ‘நான் போக வேண்டும்’ என்று பொருள். அதே இடத்தில் ஆங்கிலேயர் ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்பார். பெறுதலைக் குறிக்கும் சொல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகளில் கட்டாயத்தைக் குறிக்கவும் வந்து நிற்கிறது. பழைய நடையில் ‘தெ’ என்பது அனுமதியையும் குறிக்கும்: பூட்டிய கதவுகளில் காணும் ‘பு தெ ரூ நெய்’ என்ற அறிவிப்புக்கு ‘உள்ளே வரக் கூடாது’ என்று பொருள். இரண்டு வினைகளுக்கு நடுவே ஓசை குறைந்து நின்றால் இயலும் என்ற பொருளைத் தரும். கன்டனீயத்தில் இந்தச் சொல் தனியாக நின்றே ‘சரி, ஆகும்’ என்று பொருள்படும். தாய்லாந்து மொழியிலும் வியட்நாமிய மொழியிலும்கூடப் ‘பெறு’ என்ற சொல்லே ‘முடியும்’ என்பதற்கும் உதவுகிறது. பெய்ஜிங்கின் பழைய கடைக்காரர்கள் வாடிக்கையாளர் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டதும் ‘தெ லெய்!’ என்று குரல் கொடுப்பார்கள். ஆங்கிலப் பரிசாரகர் ‘காட் இட்’ என்பதன் நேர் இணை அது.

இளைஞர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் தோன்றுகிறது. சீன இணையப் பேச்சில் ‘கெட்’ ரோமன் எழுத்திலேயே புகுந்திருக்கிறது. புரிந்துவிட்டது என்பதற்கு ‘கெட் தாவ் லெ’. அந்த நகைச்சுவை எனக்கு எட்டவில்லை என்பதற்கு ‘கெட் பு தாவ்’. இங்கே ‘தாவ்’ என்பது செயல் இலக்கை எட்டியதைக் காட்டும் சீன விகுதி. ‘பு’ என்ற எதிர்மறை நடுவில் நுழைவதும் சீன இலக்கணம். ஆங்கில வினைக்குச் சீன உடை தைத்து உடுத்தியிருக்கிறார்கள். வகுப்பில் இந்தச் சொல்லுக்குத் தயங்கும் அதே மாணவி, தோழிக்கு அனுப்பும் செய்தியில் இதைத் தயங்காமல் எழுதுகிறாள் என்பதை வைகறை சோதித்துப் பார்க்கலாம்.

கரிசல்:

ஏட்டுச்சுவடி ஐயாவின் பதிவு படிக்க இனிமையாக இருந்தது. ஆனால் வகுப்பறைக்குள் அது பயன்படுமா என்பதில் எனக்கு ஐயம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேருவோருக்கான ஆங்கிலத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்பவன் நான். சீன மாணவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இரண்டு மறுப்புகள். ஒன்று, ‘தெ’யும் ‘கெட்’டும் சில இடங்களில் கைகோத்து நடக்கின்றன என்பதற்காக எல்லா இடத்திலும் அப்படியே நடக்கும் என்று மாணவர் நம்பிவிடுவார். குளிர ஆரம்பித்தது என்பதற்கு ‘தெ’ உதவாது. பேருந்தில் ஏறினான் என்பதற்கும் உதவாது. வேலையிலிருந்து நீக்கப்பட்டான் என்பதற்கு நிச்சயமாக உதவாது. ஐயா சொன்ன நான்கு வாசல்களில் மூன்றில் அந்த உறவினருக்கு நுழைவு இல்லை.

மற்றொன்று, இந்தச் சொல்லைத் தவிர்ப்பது குற்றமே அல்ல. கட்டுரை எழுதும்போது ‘கெட்’ என்பதை நீக்கி ‘அப்டெய்ன்’, ‘பிகம்’ என்று போடும்படி நானே சொல்லிக் கொடுக்கிறேன். தேர்வாளர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். 1987 முதல் நடக்கும் அவர்களுடைய கல்லூரி நான்காம் நிலைத் தேர்வுக்கு மாணவர்கள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தே வளர்ந்தார்கள். அந்த உழைப்பைக் குறையாகப் பேசுவது நியாயம் அல்ல.

வைகறை:

கரிசல் அவர்களின் இரண்டாவது மறுப்பை ஓரளவுக்குத்தான் ஏற்க முடியும். கட்டுரையில் தவிர்க்கலாம், சரி. ஆனால் என் மாணவர்கள் கட்டுரை எழுதுவதற்காக என்னிடம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரரோடு பேசுவதற்காக வருகிறார்கள். தெரிந்தும் ஒதுக்குவது வேறு, தெரியாமல் ஒதுங்குவது வேறு. சீன மாணவர்கள் ‘கெட் அப்’ போன்ற ஆங்கிலக் கூட்டு வினைகளைத் தவிர்ப்பது பற்றி 2004இல் வெளியான ஓர் ஆய்வை முன்பு படித்தேன். இடைநிலையில் இருப்பவர்கள் தவிர்க்கிறார்கள், மேல்நிலைக்குப் போனவர்கள் ஆங்கிலேயரை நெருங்கிவிடுகிறார்கள் என்பது அதன் முடிவு. தவிர்ப்பது ஒரு நடைத் தேர்வாக இருந்தால், தேர்ச்சி கூடக் கூட அது குறைய வேண்டிய தேவை என்ன?

அவருடைய முதல் மறுப்பு எனக்கும் உறைக்கிறது. குறிப்பாக அந்த நான்காம் வாசல்: ‘காட் ஃபயர்டு’, ‘காட் ராப்டு’ என்ற வகை. இதற்குச் சீனத்தில் எதைத் துணைக்கு அழைப்பது?

ஏட்டுச்சுவடி:

கரிசல் நண்பர் சொல்வது உண்மை. ‘தெ’ ஒரு வாசலுக்கு மட்டுமே உரிய திறவுகோல், கூடவே கட்டாயத்துக்கும் வாய்ப்புக்கும் உதவும். மற்ற வாசல்களுக்கு வேறு சீனத் துணைகள் உண்டு.

நான்காம் வாசலுக்கு உரியது ‘பெய்’ என்னும் செயப்பாட்டுச் சொல். இதில் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. ‘பெய்’ மரபாகத் தீங்கு நேர்ந்த இடத்தில் வருவது: அடிக்கப்பட்டான், ஏமாற்றப்பட்டான், திருடப்பட்டது. மேலை மொழிகளின் மொழிபெயர்ப்புகள் பெருகிய பிறகுதான் அது நல்ல இடங்களுக்கும் பரவியது என்று மொழியறிஞர் வாங் லி விளக்கியிருக்கிறார். அந்தப் பழைய கசப்பு இன்னும் போகவில்லை. 2009ஆம் ஆண்டின் சீன எழுத்தாக ‘பெய்’ தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணமும் அதுதான். வேலை கிடைக்காத பட்டதாரிகளைக் கல்லூரிகள் கணக்கில் மட்டும் வேலை பெற்றவர்களாகக் காட்டியபோது, அவர்கள் ‘நான் வேலையில் சேர்க்கப்பட்டுவிட்டேன்’ என்று இந்தச் சொல்லை வைத்தே கிண்டல் செய்தார்கள்.

ஆங்கிலத்தின் ‘காட்’ செயப்பாட்டிலும் அதே சாயல் தெரிகிறது. பதவி உயர்வுக்கும் அது வரும் என்றாலும், பேச்சில் அது மிகுதியாகக் காணப்படுவது பிடிபடுதல், நீக்கப்படுதல், அடிபடுதல் போன்ற இடங்களில்தான். பள்ளிப் பாடத்தில் ‘பெய்’ என்றால் ‘பி’ வினை என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதால், மாணவர்கள் ‘வாஸ் ராப்டு’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அது தவறல்ல. ஆனால் அவர்கள் மனத்தில் இருக்கும் ‘பெய்’யின் உணர்ச்சி ‘காட்’டில்தான் முழுமையாக வருகிறது.

மருந்துச்சீட்டு:

இந்த இடத்துக்கு ‘பெய்’யைவிட நெருக்கமான ஒன்றையும் சொல்லலாம். சீனப் பேச்சில் ‘ஆய் தா’ என்றால் அடி வாங்குவது. ‘ஆய் மா’ என்றால் திட்டு வாங்குவது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: காசு கொடுத்து அரிசி வாங்குகிறோம், கொடுக்காமலே அப்பாவிடம் அடி வாங்குகிறோம்.

தேக்காவாசி:

சிங்கப்பூரில் இதற்கு மலாயின் ‘கெனா’ இருக்கிறது. மேலாளரிடம் ஏச்சு வாங்கியவர் சீனரானாலும் தமிழரானாலும் ‘கெனா ஸ்கோல்டட்’ என்றுதான் சொல்வார். பரிசு வாங்கியதற்கு அந்தச் சொல் பொதுவாகப் பொருந்தாது.

ஏறுவது இறங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. சீனத்தில் பேருந்தானாலும் மகிழுந்தானாலும் ஏறுவதற்கு ‘ஷாங்’, இறங்குவதற்கு ‘ஷியா’. நமக்கும் ‘ஏறு’, ‘இறங்கு’ இரண்டும் போதும். ஆங்கிலத்தில் மட்டும் பேருந்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’ என்றும், காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’ என்றும் பிரிகிறது. நின்று நடக்க இடமுள்ள வண்டி என்றால் ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய வண்டி என்றால் ‘இன்’ என்று என் பள்ளி ஆசிரியர் சொன்னது பெரும்பாலும் பொருந்துகிறது. மிதிவண்டியையும் குதிரையையும் அவர் விதிவிலக்கில் போட்டுவிட்டார்.

கரிசல்:

செயப்பாட்டைப் பற்றிய விளக்கம் எனக்கு நிறைவு தருகிறது. பெயரடையைப் பற்றி நானே எழுதுகிறேன். தேர்வுத்தாள்களில் அதிகமாகத் திருத்துவது அதைத்தான்.

சீனத்தில் ‘குளிர்’ என்ற பெயரடைக்குப் பின் ‘லெ’ என்ற சிறு ஒலியைச் சேர்த்தாலே ‘குளிர ஆரம்பித்துவிட்டது’ என்று ஆகிவிடும். நிலை மாறியது என்பதைச் சொல்லத் தனி வினை தேவை இல்லை. ஆகவே மாணவர் ஆங்கிலத்துக்கு வரும்போது ‘லெ’யைத் தொலைத்துவிட்டு ‘இட் இஸ் கோல்டு’ என்கிறார். இதில் மாற்றம் தெரிவதில்லை. அல்லது ‘பியென்’ என்ற மாற்ற வினையை நினைத்துக்கொண்டு ‘பிகம்’ என்கிறார். மேலும் மேலும் குளிர்கிறது என்பதற்குச் சீனத்தில் ‘யுவே லாய் யுவே’ என்ற அழகான அடுக்கு உண்டு. அதை அப்படியே பெயர்த்து ‘பிகம் மோர் அண்ட் மோர் கோல்டர்’ என்று எழுதுவது ஏறக்குறைய எல்லோரிடமும் காணப்படும் பிழை. ‘இட் இஸ் கெட்டிங் கோல்டர்’ என்ற எளிய வாக்கியம் போதும். தேர்வுக் கட்டுரையில்கூட நான் இதைத் திருத்த மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கைகள். எல்லா மாற்றத்துக்கும் ‘கெட்’ பொருந்தாது: பால் கெட்டுப்போனால் ‘கோ’, இலை சிவந்தால் ‘டர்ன்’, தூங்கிப்போனால் ‘ஃபால்’. திருமணம் செய்துகொள்வதில் இன்னொரு பொறி இருக்கிறது. சீனத்தில் ஒருவரோடு ‘ஜியே ஹுன்’ செய்துகொள்வார்கள். நாமும் ஒருவரோடு கல்யாணம் என்கிறோம். ஆகவே ‘காட் மேரீட் வித்’ என்று எழுதத் தோன்றும். ஆங்கிலத்தில் அங்கே ‘டு’ வர வேண்டும்.

ஒரு பொருளையோ ஆளையோ வேறு நிலைக்குக் கொண்டுபோகும் ‘கெட் யுவர் ஷூஸ் டர்ட்டி’ வகைக்குச் சீனத்தில் துணை உண்டா என்று ஏட்டுச்சுவடி ஐயா சொன்னால் நன்று.

ஏட்டுச்சுவடி:

உண்டு, மிகப் பொருத்தமாகவே உண்டு. ‘நுங்’ என்ற வினை அது. எப்படிச் செய்தான் என்பதைச் சொல்லாமல், என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லும் வினை. காலணியை அழுக்காக்கினால் ‘நுங் ஸாங்’, பொருளைப் பழுதாக்கினால் ‘நுங் ஹுவாய்’. ‘நுங்’குக்குப் பின்னால் விளைவு வந்தே தீர வேண்டிய இந்த அமைப்பும், ‘கெட்’டுக்குப் பின் பொருளும் விளைவும் வரும் அமைப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, வரிசைதான் மாறுகிறது. வேலையை முடித்துக் காட்டுவதற்குச் சொல்லும் ‘காவ் திங்’ என்பதை ‘கெட் இட் டன்’ என்று நான் தயங்காமல் பெயர்ப்பேன்.

ஆனால் ஆளை ஒரு செயலுக்கு இணங்கவைக்கும் இடத்தில் ‘நுங்’ பயன்படாது; அங்கே ‘ராங்’ அல்லது ‘ஜியாவ்’ வேண்டும். இவற்றைப் பார்த்து மாணவர் ‘மேக்’ அல்லது ‘லெட்’ என்று போய்விடுவார். ‘மேக்’ கட்டாயப்படுத்துவது, ‘லெட்’ விட்டுக்கொடுப்பது. பேசியோ கெஞ்சியோ ஒருவரைச் செய்யவைத்தால்தான் ‘கெட் ஹிம் டு’. சீனச் சொற்கள் இந்த மூன்றையும் பிரிப்பதில்லை என்பதால், இங்கே துணை தேடாமல் நேரடியாகக் கற்பிப்பதே நல்லது.

வைகறை:

இவ்வளவும் கிடைத்த பிறகு வரிசையை இப்படி வைத்துக்கொள்கிறேன். முதல் வகுப்பில் இணையப் பேச்சின் ‘கெட் தாவ் லெ’யிலிருந்து தொடங்குவேன், அது அவர்களுக்குப் பழகிய மண். அடுத்து ‘தெ’யை வைத்துப் பரிசும் நோயும். பெயரடைக்கு ‘லெ’. செயப்பாட்டுக்கு ‘பெய்’யும் ‘ஆய்’யும். இடத்தை மட்டும் தனியாக எடுப்பேன், ஏனெனில் சீனத்தின் ‘தாவ்’ எந்த இடத்தையும் நேராக ஏற்கும் என்பதால் ‘கெட் டு ஹோம்’, ‘கெட் டு தேர்’ என்று எங்கும் ‘டு’ போட்டுவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்குப் போகிறவர்களிடம், கட்டுரையில் இந்தச் சொல்லைக் குறைக்கும்படி கரிசல் அவர்கள் சொன்னதையும் சொல்லிவிடுவேன்.

ஒரு மாணவரின் கேள்வி மட்டும் நிற்கிறது. பிரிட்டிஷ் வழக்கைப் பள்ளியில் படித்த அவர், அமெரிக்கச் சக ஊழியர்கள் ‘கெட்’டின் மூன்றாம் வடிவத்தைக் ‘காட்’ என்னாமல் ‘காட்டன்’ என்று சொல்வதைப் பிழை என்று நினைக்கிறார். என்ன விடை சொல்வது?

ஏட்டுச்சுவடி:

பிழை அல்ல என்று சொல்லுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பழைய வடிவம் அது. பிரிட்டனில் பொது வழக்கிலிருந்து அது மறைந்த பிறகும் அங்கே நிலைத்துவிட்டது.

அமெரிக்கர் இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டு பொருளைப் பிரிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் அவரிடம் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். அடுத்து வினை வந்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். ‘ஐ ஹேவ் காட் டு சீ ஹிம்’ என்பவர் அவரைப் பார்த்தே ஆக வேண்டியவர்; ‘ஐ ஹேவ் காட்டன் டு சீ ஹிம்’ என்பவருக்கு அவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. முன்னதற்குத் ‘தேய்’ என்றும், பின்னதற்குத் ‘தெ’ என்றும் ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொன்னால் அவருக்கு அது போதும்.